ஆடவிட்டால்தானே, ஐயா!

மாலை நான்கரை மணி. பள்ளி மணி ஓய்ந்து பிள்ளைகளின் ஆரவாரம் எழும் வேளை. நான் பணியாற்றும் பள்ளியின் பின்புறத்தில் ஒரு திடல். புல்லைவிடப் புழுதியே அங்கு மிகுதி. உடற்பயிற்சி ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால், வட்டப் போட்டிக்குக் கால்பந்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, வரலாறு கற்பிக்கும் என் தோளில் ஏறியது.

நாற்பது சிறுவர்கள் வரிசையில் வந்து நின்றனர். எனக்கு வேண்டியவர்களோ பதினைந்து பேர். ஒவ்வொருவரையும் ஆடவிட்டுப் பார்க்க நேரமில்லை; பார்த்தாலும் திறமையை எடைபோடும் கண் எனக்கு உண்டோ என்ற ஐயம் வேறு. ஆகவே ஓர் எளிய விதி வகுத்தேன். "சென்ற ஆண்டு வட்டப் போட்டியில் ஆடியவர்கள் மட்டும் வலப்பக்கம் நில்லுங்கள். மற்றவர்கள் வீட்டுக்குச் செல்லலாம்" என்றேன். வேலை விரைவில் முடிந்தது. விதி என்பது எவ்வளவு வசதியான பொருள்! சிந்திக்கும் தொல்லையிலிருந்தே அது நம்மை விடுவித்துவிடுகிறது.

ஒருவன் மட்டும் நகரவில்லை. சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்து, ஒன்பதாம் வகுப்புக்கு எம் பள்ளியை நாடி வந்த சிறுவன். அவன் முன்பு படித்த பள்ளி எந்தப் போட்டிக்கும் குழு அனுப்பியதில்லை.

"ஏன் தம்பி, நீ போகவில்லையா?" என்றேன்.

"ஐயா, ஆடவிட்டால்தானே ஆடினேன் என்று சொல்ல முடியும்?" என்றான்.

துடுக்கு இல்லை அவன் குரலில், அழுகையும் இல்லை. புரியாத கணக்கை ஆசிரியரிடம் கேட்பதுபோல் கேட்டான். நான்தான் விடை தெரியாத மாணவனாக நின்றேன். நான் வகுத்த விதி நாற்பது பேருக்கும் ஒன்றேதான். எவருக்கும் அதில் சலுகை இல்லை. ஆயினும் அது நேர்மையான விதியன்று என்பதை அந்தச் சிறுவனின் ஒரு வினா உணர்த்திவிட்டது. அனைவருக்கும் பொதுவான விதி, அனைவருக்கும் நேர்மையான விதி ஆகிவிடுமா? – இதுவே நான் இங்கு ஆராய விரும்பும் கேள்வி.

இக் கேள்விக்கு உரைகல்லாக, நம் திடலிலிருந்து கடல் பல கடந்து, கால்பந்தின் தாயகம் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டுகிறேன். அந்த நாட்டின் சிறிய கால்பந்துக் கழகங்கள் இதே கேள்வியைத்தான் தம் அரசை நோக்கி நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன.

*

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து நான்கு படிகளால் ஆனது. உச்சியில் பிரீமியர் லீக். அதில் 20 கழகங்கள். அதற்குக் கீழே மூன்று படிகள். படிக்கு 24 கழகங்கள். ஆக மொத்தம் 92. மேற்படியில் இருப்போருக்குத் தொலைக்காட்சிப் பணம் வெள்ளமெனப் பாய்கிறது. கீழ்ப்படியில் இருப்போருக்கு அவ் வெள்ளத்தின் ஈரம் மட்டுமே எட்டுகிறது. வென்றால் மேலே ஏறலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். ஏணி அனைவருக்கும் பொது. ஆனால் ஏறுவோரின் தோளில் உள்ள சுமையோ பொதுவன்று.

பணமில்லாத கழகம் எப்படி ஏறுவது? புகழ்பெற்ற ஆட்டக்காரனை விலைகொடுத்து வாங்க அதனால் இயலாது. அதனிடம் இருக்கும் ஒரே செல்வம், கண். பிறர் காணாததைக் காணும் கண். பெயர் பெறாதவனிடம் பெயர் பெறப்போகும் திறமை ஒளிந்திருப்பதை, மற்றவர்களுக்கு முன்னே கண்டுகொள்ளும் கண். கண்டு, குறைந்த விலைக்கு வாங்கி, வளர்த்து, ஆடவைத்து, பின்பு பெருங்கழகத்துக்கு விற்றால், அந்தப் பணத்தில் பத்து ஆண்டு வாழலாம். சிறு கழகத்தின் வாழ்வு இக் கலையில்தான் தங்கியிருக்கிறது.

அந்தக் கண்ணைக் கட்டிவிடுகிறது, வெளிநாட்டு ஆட்டக்காரரை நாட்டுக்குள் விடும் விதி.

2009ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். இந்தியக் குழுவின் முன்னணி ஆட்டக்காரர் சுனில் சேத்ரி. இலண்டனைச் சேர்ந்த குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் அன்று இரண்டாம் படியில் இருந்தது. அக் கழகம் சேத்ரியை விரும்பியது, சேத்ரியும் இசைந்தார். ஆடுவோர், ஆட்டுவிப்போர் இருவரும் ஒன்றுபட்டனர். அரசு மட்டும் ஒப்பவில்லை. வேலை அனுமதி மறுக்கப்பட்டது. காரணம்? உலகக் கால்பந்துத் தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லையாம்!

சேத்ரி எப்படி ஆடுவார் என்று கேட்டார்களா? இல்லை. அவர் பிறந்த நாடு எப்படி ஆடுகிறது என்று கேட்டார்கள். இந்தியா அந்தத் தரவரிசையில் எட்டிய மிக உயர்ந்த இடமே 94, அதுவும் 1996இல். ஆகவே அந்த விதி நிலவிய காலமெல்லாம், இந்தியாவில் பிறந்த எந்த இளைஞனும், அவன் காலில் மின்னலே குடியிருந்தாலும், அந்த அளவுகோலால் அளக்கப்பட்டால் தேற வழியே இல்லை. ஒருவனது தகுதியை அறிய அவன் எங்கே பிறந்தான் என்று கேட்கும் அளவுகோல் நமக்குப் புதிதன்று, தோழர்களே! அதன் கொடுமையை நாம் நன்கு அறிவோம். அது வெள்ளைத் தாளில் புள்ளிவிவரமாக வந்தாலும் அடையாளம் தெரியாமற் போகாது.

அதே சேத்ரிக்கு 2010இல் அமெரிக்கக் கழகம் ஒன்றும், 2012இல் போர்த்துக்கல் நாட்டுக் கழகம் ஒன்றும் கதவு திறந்தன. தாய்நாட்டுக்காக அவர் அடித்த கோல்கள் பின்னர்த் தொண்ணூறைத் தாண்டின.

*

இப்போது 2014 சனவரிக்கு வாருங்கள். அதே இங்கிலாந்து, அதே இரண்டாம் படி. லெஸ்டர் சிட்டி என்னும் கழகம், பிரெஞ்சு நாட்டின் இரண்டாம் தரப் போட்டியில் லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகரின் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த ஓர் ஒல்லியான இளைஞனை அழைத்து வந்தது. வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்கச் சென்றவர்களின் கண்ணில் தற்செயலாகப் பட்டவர் அவர். விலை ஐந்து இலட்சம் பவுனுக்கும் குறைவு. எந்த நாட்டுக்காகவும் அவர் அதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை. பெயர் ரியாத் மாரெஸ்.

பாரிசுக்கு அருகே அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்த அவர் கையில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அன்று இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தமையால், ஐரோப்பியக் குடிமகன் எவனும் அனுமதி கேட்காமலே வந்து ஆடலாம். எனவே வந்தார், ஆடினார். அடுத்த ஆண்டில் கான் என்ற பிரெஞ்சு நகரின் கழகத்திலிருந்து நொகோலோ கான்டேயும் வந்து சேர்ந்தார். அவரும் அன்று நாட்டுக் குழுவில் இடம் பெறாதவர். 2016இல் லெஸ்டர் கழகம் இங்கிலாந்தின் முடியைச் சூடியது! பருவம் தொடங்கும்போது பந்தயம் கட்டுவோர் அந்த வெற்றிக்கு வைத்த மதிப்பு 5000க்கு 1. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் எனச் சக ஆட்டக்காரர்கள் மாரெசைத் தேர்ந்தெடுத்தனர். 2018இல் மான்செஸ்டர் சிட்டி அவருக்காகக் கொடுத்த விலை ஏறத்தாழ 6 கோடி பவுன். கான்டேயோ அதே ஆண்டில் பிரான்சுக்காக உலகக் கோப்பையையே ஏந்தினார்.

சேத்ரியும் மாரெசும் ஒரே திறமை உடையவர்கள் என்று நான் வாதிடவில்லை. ஆடாத ஆட்டத்தின் முடிவை யாரே அறிவார்? நான் சொல்வது வேறு. ஒருவர் ஆடிக்காட்டும் வாய்ப்பைப் பெற்றார், மற்றவர் பெறவில்லை. இருவரையும் பிரித்தது கால் அன்று, கடவுச்சீட்டு.

*

இந்த வேலி நேற்று எழுந்ததன்று. 1930இல் ஆர்சனல் கழகம் ஆஸ்திரிய நாட்டின் கோல்காவலர் ரூடி ஹிடனை அழைத்துவர முயன்றது. தொழில் அமைச்சு அனுமதி மறுத்தது. மறு ஆண்டே, 1931இல், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு விதி செய்தது: நாட்டில் இரண்டு ஆண்டு குடியிருந்தால் ஒழிய, அயல்நாட்டான் தொழில்முறைக் கழகத்தில் ஆடக்கூடாது. இரண்டு ஆண்டு வேலையின்றிக் காத்திருக்க எவனால் முடியும்? கதவை மூடிவிட்டு, திறவுகோல் கூரைமேல் இருக்கிறது என்று சொல்வது போன்றது அது.

காலம் ஒரு குறும்பு செய்தது. ஹிடனை விலைகொடுத்து அழைத்து வரக்கூடாது என்ற நாட்டுக்குள், பகைவனாகவே ஒருவர் வந்து சேர்ந்தார். பெர்ட் டிரவுட்மன் – செர்மானியப் போர்வீரர்; 1945இல் சிறைப்பட்டு இங்கிலாந்தில் அடைக்கப்பட்டவர். விடுதலைக்குப்பின் ஊர் திரும்ப மறுத்து அங்கேயே தங்கினார். அவரை முதலில் ஆடவைத்தது எது? செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற ஒரு சிற்றூர்க் கழகம்! 1949இல் மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்துக்கொண்டபோது, செர்மானியனா என்று தெருவில் இறங்கி எதிர்த்தனர் மக்கள். 1956இல் கோப்பை இறுதியாட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் கோலைக் காத்து நின்றபோது, அதே மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். எதிர்த்தவர்களைத் திருத்தியது எது? மேடைப் பேச்சா? இல்லை, ஆட்டம். முதலில் ஆடவிட்டது எது? பெருங்கழகமா? இல்லை, சிறு கழகம்.

1978இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் வற்புறுத்தலால் அந்தத் தடை நீங்கியது. நீங்கியவுடன் நிகழ்ந்தது என்ன? இப்ஸ்விச் என்ற நடுத்தர நகரத்தின் கழகம், பாபி ராப்சன் என்ற மேலாளரின் கண்ணை நம்பி, ஆர்னோல்ட் மூரன், ஃபிரான்ஸ் தைசன் ஆகிய இரு டச்சு ஆட்டக்காரர்களை அழைத்து வந்தது. 1981இல் அந்தக் கழகம் ஐரோப்பாவின் யூஃபா கோப்பையை வென்றது. கதவு ஒரு விரற்கடை திறந்தால், அதன்வழி முதலில் வெளிச்சம் பெறுவது சிறிய வீடே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

*

இனி, இன்றைய நிலை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு இங்கிலாந்து விலகியபின், 2021 சனவரி முதல் நாளிலிருந்து புதிய விதி நடப்புக்கு வந்தது. ஐரோப்பியன், ஆசியன், ஆப்பிரிக்கன் எவனாயினும் ஒரே அளவுகோல். 15 புள்ளி சேர்த்தால் உள்ளே வரலாம். புள்ளி எதற்கு? நாட்டுக் குழுவில் எத்தனை ஆட்டம் ஆடினான். அந்த நாட்டின் தரவரிசை என்ன. எந்தத் தரத்து லீக்கில் எத்தனை நிமிடம் ஆடினான். அவன் கழகம் எந்த இடம் பெற்றது. கண்ட அளவிலான போட்டிகளில் ஆடினானா – இவற்றுக்கு.

இந்த விதியில் ஒரு நன்மை உண்டு. அதை மறைப்பது அறமன்று. பழைய நாளில் ஐரோப்பியனுக்குத் திறந்த கதவும், பிறருக்கு அடைத்த கதவுமாக இரு கதவுகள் இருந்தன. இன்று கதவு ஒன்று. நாட்டுக் குழுவில் இடம் பெறாதவனும் வேறு வகையில் புள்ளி சேர்க்க வழி உண்டு. தென்னமெரிக்க இளைஞர் பலர் முன்னினும் எளிதாக வருகின்றனர். பாராட்டுவோம்.

ஆனால், ஒரே கதவு என்பதனாலேயே அது ஒரே உயரமுள்ளவர்களுக்குத்தான் என்றாகிவிடுமா? அந்த 15 புள்ளிகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றேனும் "இவன் நாளை எப்படி ஆடுவான்" என்று கேட்கிறதா? எல்லாமே "இவனை நேற்று யார் ஆடவிட்டார்கள்" என்றுதான் கேட்கின்றன. அது திறமையை அளக்கவில்லை, புகழை அளக்கிறது. நான் என் திடலில் செய்ததும் அதுவேயன்றோ!

15 புள்ளி எளிதாகச் சேர்த்த ஆட்டக்காரன், உலகம் முழுவதும் அறிந்த ஆட்டக்காரன். உலகம் அறிந்தவனுக்கு விலை கோடிகளில். அவனை வாங்கும் வல்லமை யாருக்கு உண்டு? மேற்படிக் கழகங்களுக்கு. மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும் உள்ள கழகங்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் உள்ளவனோ, பெயர் பெறாதவன்; அவனுக்குப் புள்ளி இல்லை. வாங்கத் தகுந்தவனை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விடத் தகுந்தவனை வாங்க முடியாது. நாட்டுக் குழுவில் ஆடாமல், இரண்டாம் தரப் பிரெஞ்சுப் போட்டியில் ஆடிய அன்றைய மாரெசுக்கு இந்த அளவுகோல் எத்தனை புள்ளி தந்திருக்கும்? கணக்கு வாசகருக்கே விட்டேன்.

இதற்குமேல் செலவு ஒருபுறம். அயலாரை வேலைக்கு வைக்கக் கழகத்துக்கு உரிமம் வேண்டும். ஆட்டக்காரனுக்கு விசாக் கட்டணம். மருத்துவத்துக்கான கூடுதல் கட்டணம் வேறு. அது 2024 பிப்ரவரி முதல் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுன். பெருங்கழகத்துக்கு இது தேநீர்ச் செலவு. நான்காம் படிக் கழகத்துக்கோ ஒவ்வொரு பவுனும் கணக்குப் புத்தகத்தில் கண் உறுத்தும்.

விதி செல்வனையும் தடுக்கிறதே, அவனுக்கும் அதே மதில்தானே என்பீர்கள். உண்மை, மதில் ஒன்றுதான். ஆனால் ஏணி? 2021இல் பிரைட்டன் கழகம் சப்பான் நாட்டுக் கவோரு மிட்டோமாவை வாங்கியது. அவருக்கு அன்று இங்கிலாந்தில் ஆடும் அனுமதி கிட்டவில்லை. கழகம் கலங்கவில்லை. பெல்ஜியம் நாட்டு யூனியன் செயின்ட் ஜில்வாஸ் கழகத்துக்கு ஓராண்டு அவரை அனுப்பி ஆடவைத்தது. பிரைட்டனின் உரிமையாளருக்கு அந்தக் கழகத்திலும் பங்கு உண்டு! 2022இல் மிட்டோமா இங்கிலாந்துக்கு வந்தார். ஆட்டத்தால் எல்லாரையும் மயக்கினார். பிரைட்டன் செய்தது குற்றமன்று, விதிக்கு உட்பட்டதே. ஆனால் வாங்கிய ஆளை ஓராண்டு வெளியே நிறுத்திக் காத்திருக்கவும், மதிலுக்கு அப்பால் சொந்தமாக ஒரு திண்ணை வைத்திருக்கவும் எத்தனைச் சிறு கழகங்களால் முடியும்? மதில் யாருக்கும் பொது. ஏணி வைத்திருப்பவனுக்கு அது மதிலே அன்று.

*

"நில்லும், நண்பரே! உள்நாட்டுப் பிள்ளைகளின் கதி என்ன? அயலான் வந்து இடத்தை நிரப்பினால், ஊர்ப் பிள்ளை எங்கே ஆடுவான்?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எள்ளி நகையாடித் தள்ளத்தக்கதன்று. தன் மண்ணின் இளைஞனுக்கு வாய்ப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை.

ஆனால் ஊர்ப் பிள்ளையை வளர்ப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தச் சிறு கழகமே. எட்டு வயதில் சேர்த்து, பயிற்சி தந்து, பதினாறு வயதுவரை வளர்க்கிறது. 2012இல் வந்த இளையோர் பயிற்சித் திட்டத்தின்படி, அந்த இளைஞனைப் பெருங்கழகம் எடுத்துக்கொண்டால், இழப்பீடு முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படிதான். வளர்த்தவன் விலை பேச முடியாது. 2016இல் பிரென்ட்ஃபோர்டு கழகம் தன் இளையோர் பயிற்சிக் கூடத்தையே மூடியது. வளர்த்த பிள்ளைகளைப் பெருங்கழகங்கள் சிறு தொகைக்கு அழைத்துச் செல்லும்போது வளர்ப்பதில் பொருள் என்ன என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. பின்னர், உச்சிப் படிக்கு ஏறியபின், 2022இல் மீண்டும் திறந்தனர்.

ஆக, சிறு கழகத்தின் ஒரு கையை உள்நாட்டு விதி கட்டுகிறது. மறு கையைக் குடியேற்ற விதி கட்டுகிறது. ஊரில் வளர்த்தவனை வைத்துக்கொள்ள முடியாது; வெளியில் கண்டவனைக் கொண்டுவர முடியாது. இப்படி இரு கையையும் கட்டிவிட்டு, "ஊர்ப் பிள்ளையைக் காக்கவே இவ் விதி" என்று சொன்னால், காக்கப்படுபவன் ஊர்ப் பிள்ளையா, ஊர்ப் பணக்காரனா?

2023 சூனில் இக் குறை ஓரளவு உணரப்பட்டது. 15 புள்ளி சேராத சிலரை அழைத்துவரச் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன: மேல் இரு படிகளின் கழகங்களுக்கு 4 வரை, கீழ் இரு படிகளின் கழகங்களுக்கு 2 வரை. மேற்படிக் கழகங்களுக்கு எத்தனை இடம் என்பது, உள்நாட்டு ஆட்டக்காரருக்கு அவர்கள் எவ்வளவு நேரம் ஆட வாய்ப்புத் தருகின்றனர் என்பதைப் பொறுத்தது. ஊர்ப் பிள்ளைக்கு இடம் கொடு. அயல் பிள்ளைக்கும் இடம் பெறு! இரண்டையும் பகையாக்காமல் உறவாக்கிய இவ் வழி நல்ல வழி. விதி வகுப்போரும் திருந்தக்கூடும் என்பதற்குச் சான்று. ஆனால் ஒன்று நெருடுகிறது. கண்டுபிடிப்பதையே வாழ்வாகக் கொண்ட எளியவனுக்கு இரண்டு. கண்டுபிடிக்காவிட்டாலும் வாழக்கூடிய வலியவனுக்கு நான்கு. பந்தியில் பசித்தவன் இலையில் பாதி அகப்பை, உண்டவன் இலையில் முழு அகப்பை. இது எந்த ஊர் விருந்து?

*

அப்படியானால் விதியே வேண்டாமா? வேலி எல்லாவற்றையும் பிடுங்கி எறிவோமா? அப்படி நான் சொல்லேன்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை நாடுவிட்டு நாடு கழகம் மாற்றக்கூடாது என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் பதினாறு வயதானோருக்கு விலக்கு உண்டு. விலகியதால் இங்கிலாந்துக் கழகங்கள் அந்த விலக்கை இழந்தன. இதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். தரகர்களின் ஆசைமொழியை நம்பி, ஆப்பிரிக்க ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஐரோப்பிய நகரங்களுக்கு வந்து, தேர்வில் தோற்றபின் தெருவில் விடப்பட்ட கொடுமைகள் உண்டு. அந்த விதி எளியவனைக் காக்கும் விதி. அது இருக்கட்டும்; இன்னும் இறுகட்டும்.

இங்கேதான் விதிகளைத் தரம் பிரிக்கும் உரைகல் கிடைக்கிறது. எல்லா வேலியும் ஒன்றன்று. பயிரைக் காக்கும் வேலி உண்டு. பண்ணையாரின் தோட்டத்தைக் காக்கும் வேலியும் உண்டு. முள் இரண்டிலும் ஒன்றுதான். உள்ளே இருப்பவன் யார், வெளியே நிற்பவன் யார் என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு விதி நீதியானதா என்று அறிய, அது எத்தனை பேருக்குப் பொது என்று எண்ணுவது போதாது. அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். தடுக்கப்படுபவனுக்கு வேறு வழி உண்டா என்று கேட்க வேண்டும்.

சிறு கழகம் அழிந்தால் என்ன, ஆட்டம்தானே என்பாரும் உண்டு. அவர்களுக்குப் பெரி என்ற ஊரைக் காட்டுகிறேன். மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள சிறு நகரம். அதன் கழகம் பிறந்தது 1885இல். 1900, 1903 ஆகிய இரு ஆண்டுகளில் இங்கிலாந்தின் கோப்பையை வென்ற கழகம் அது. 1999இல் அந்தக் கழகம் ஓர் இந்தியரை அழைத்தது: சிக்கிம் மலைநாட்டின் பாய்ச்சுங் பூட்டியா. விசாத் தொல்லையால் அவர் காத்திருந்து, அக்டோபரில்தான் முதல் ஆட்டம் ஆடினார். பெருங்கழகங்கள் பார்த்துவிட்டு விட்டுவிட்டவரைச் சட்டை கொடுத்து ஆடவிட்டது பெரி. 2019 ஆகஸ்டில் அந்தக் கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. காரணம் குடியேற்ற விதி அன்று. கடனும் நிருவாகச் சீர்கேடும். உண்மையை வளைக்க வேண்டாம். ஆயினும் அது காட்டும் பாடம் ஒன்று உண்டு: சிறு கழகத்தின் வாழ்வு நூலில் தொங்குகிறது. அதன் வருவாய்க்கு இருக்கும் சில வாயில்களுள் ஒன்றை மூடும் ஒவ்வொரு கையும், அந்த நூலில் ஓர் இழையை அறுக்கிறது. அன்று பூட்டிய மைதானத்தின் வாயிலில் வந்து நின்ற முதியவர்கள் ஆட்டத்துக்காக மட்டும் அழவில்லை. தந்தை தோளில் அமர்ந்து தாம் பார்த்த இடம், பேரனை அழைத்துச் செல்ல இருந்த இடம், மூடப்பட்டதற்காக அழுதனர்.

*

என்ன செய்யலாம்? நான் ஆங்கில அரசின் அமைச்சனல்லன், ஆசிரியன். எனினும் கணக்கு எளிது. எளியவனுக்குக் கண்டுபிடிக்கும் உரிமை வலியவனைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும். நான்கு இடத்தைக் கீழே கொடுங்கள். இரண்டை மேலே வையுங்கள். பெயர் பெறாதவனைக் குறுகிய காலத்துக்கு ஆடவிட்டுப் பாருங்கள்; ஆடினால் இருக்கட்டும், ஆடாவிட்டால் மதிப்புடன் வழியனுப்புங்கள். ஊர்ப் பிள்ளையை வளர்த்த கழகத்துக்கு அவனது மெய்யான விலையைக் கொடுங்கள். இவ்வளவும் செய்தால் பெருங்கழகங்கள் ஏழையாகிவிடுமா? ஆகா. நாளை அவை வாங்கப்போகும் மாரெசுகள் இன்னும் பலர் கிடைப்பர், அவ்வளவே.

மறுநாள் மாலை என் திடலுக்குத் திரும்பினேன். நாற்பது பேரையும் அழைத்தேன். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் இருபது நிமிடம் ஆடவிட்டேன். இருட்டிவிட்டது, மறுநாளும் தொடர்ந்தது. எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் பார்க்கத் தெரிந்த முன்னாள் மாணவர் இருவரை அருகே அமர்த்திக்கொண்டேன். விதியைவிட இது தொல்லைதான். நீதி என்றைக்குத் தொல்லையில்லாமல் கிடைத்தது?

அந்தச் சிறுவன் பதினைந்து பேரில் ஒருவனாக வந்தானா என்று கேட்பீர்கள். வரவில்லை. பதினாறாவதாக நின்றான். பட்டியலைப் படித்து முடித்ததும் அவன் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். அவன் அருகே வந்தான்.

"அடுத்த ஆண்டு பார்க்கலாம், ஐயா. இப்போது நான் ஆடியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் அல்லவா?" என்றான்.

தோற்றவன் முகத்தில் அன்று கசப்பைக் காணேன். ஆடித் தோற்றவன் நாளை மீண்டும் வருவான். ஆடவிடாமல் அனுப்பப்பட்டவனோ, நம் நீதியையே ஐயுற்றபடி வீடு திரும்புவான். முன்னவனைப் பயிற்சியால் வெல்லவைக்கலாம். பின்னவனுக்கு நாம் என்ன விடை சொல்லப்போகிறோம்?